உங்களுக்குத் தெரியுமா? பழைய லென்ஸும் புதிய காமிராவும்

1959-ஆம் வருஷம் ஜப்பானில் 'நிக்கான் எஃப்' என்னும் பிலிம் காமிராவோடு விற்பனைக்கு வந்த 50 மில்லிமீட்டர் லென்ஸை, அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி துடைத்து, 54 வருஷங்கள் கழித்து 2013-இல் வெளிவந்த 'நிக்கான் டிஎஃப்' என்னும் ஃபுல்-ஃப்ரேம் டிஜிட்டல் காமிராவில் யாதொரு மாற்றமுமின்றிப் பொருத்திப் படம் பிடிக்கலாம்!

• பிலிம் போய் சென்ஸார் வந்த பின்னரும், லென்ஸைப் பூட்டும் 'எஃப் மவுண்ட்' வளையமும், அங்கிருந்து பிம்பம் விழும் தளம் வரையுள்ள 46.5 மில்லிமீட்டர் தூரமும் மாறாதிருந்ததே இந்த ஆச்சரியத்துக்குக் காரணம்.

• 1977-க்கு முந்திய லென்ஸை மற்ற ஃபுல்-ஃப்ரேம் நிக்கான்களில் திருகினால், அதன் அபெர்ச்சர் வளையத்தின் விளிம்பு காமிராவின் சிறு நெம்புகோலில் இடித்துச் சேதம் விளைவிக்கக்கூடும். டிஎஃபிலோ அந்த நெம்புகோலை மேலே மடக்கிவிடலாம்.

• கானனின் இஎஃப் மவுண்டில் பிம்பத் தளம் வரையுள்ள தூரம் 44 மில்லிமீட்டர்தான்; ஆதலால், எஞ்சிய 2.5 மில்லிமீட்டரை நிரப்பும் மெல்லிய வளையம் ஒன்றிருந்தால் நிக்கான் லென்ஸ் கானனில் பொருந்தும். கானன் லென்ஸை வெறும் வளையத்தால் நிக்கானில் மாட்டினாலோ, தூரத்து மலை தெளிவாக விழாது.

• சிறிய சென்ஸாருக்கென்றே செய்த லென்ஸின் பிம்பம், 36-க்கு 24 மில்லிமீட்டர் உள்ள ஃபுல்-ஃப்ரேம் சென்ஸாரைப் பெரும்பாலும் முழுமையாக நிரப்பாது. வாங்குமுன் நிக்கான் லென்ஸில் இவ்வகையைக் குறிக்கும் 'டிஎக்ஸ்' என்ற முத்திரை உண்டா என்று பார்ப்பது உத்தமம்.