முற்றத்துக் கோழிகள் – 9: படுக்கையில் கிளம்பும் தூசி

ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது. அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிறது. அதனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கோழிக் கொட்டகையில் பரப்ப எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே கடலைத் தோல், அங்கே உமி. இரண்டுமே நல்ல படுக்கைதான், காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கும் வரைக்கும்.

பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறிவிட்டு இரவில் பஞ்சாரத்திலோ மரக்கிளையிலோ அடையும் கோழிக்குத் தூசி பெரிய தொல்லை இல்லை. அதே கோழிகளை ஐம்பது, நூறு என்று கொட்டகையில் அடைக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. எச்சம், உதிர்ந்த இறகு, சிந்திய தீவனம் எல்லாம் உமியோடு மிதிபட்டுக் காய்ந்து பொடியாகின்றன. கோழி ஒருமுறை சீய்த்தால் போதும், அத்தனையும் காற்றில்.

கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது. விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கும் அதற்குள் காற்றைச் செலுத்துவது உடம்பெங்கும் பரவியிருக்கும் ஒன்பது காற்றுப்பைகள்; கொல்லன் துருத்தியின் வேலை அவற்றுடையது. மெல்லிய தூசி அந்தப் பைகள் வரைக்கும் போய்விடும். எச்சத்திலுள்ள ஈ.கோலை கிருமியும் தூசியோடு சேர்ந்தே போகும்.

ஈரம் சேர்ந்தால் தொல்லை வேறு. எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். மூச்சுக்குழாயில் தூசியைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்களை அது முடக்கிவிடும். தினமும் கொட்டகைக்குள் போய்வருபவரின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடுவதால், நின்றபடி முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. குஞ்சு நிற்கும் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். கண் எரிந்தால் படுக்கையை மாற்றியே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கடலைத் தோலை மேலோட்டமாக உலர்த்திப் பரப்பினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் குஞ்சுகளின் மூச்சில் ஏறும். குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும். ஆனால் சளிக் கோழியிடம் கேட்கும் ‘கொர் கொர்’ சத்தம் பெரும்பாலும் இருக்காது. இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் குண்டூசித் தலை அளவில் வெள்ளையும் மஞ்சளுமாக முடிச்சுகள் தெரியும். மருந்துக்கடையில் வாங்கிக் கலக்கும் ஆன்டிபயாடிக் பவுடர் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்குப் புது உமி வாங்கலாம்.

இந்தப் பூஞ்சைக் குடும்பத்துக்கும் கடலைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். பூசணம் பிடித்த கடலைத் தோலைக் கோழிக்குப் பரப்ப வேண்டாம் என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டியதில்லை.

படுக்கை பதமாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால், லேசாக ஒட்டி உடனே உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஒட்டாமல் புழுதி பறந்தால் வறட்சி அதிகம். கோடையில் நம் மாவட்டத்தில் இரண்டாவதுதான் நடக்கும். நைசான மரத்தூளைத் தவிர்ப்பது நல்லது. பழைய படுக்கையை அள்ளும்போது கோழிகளை வெளியே விட்டுவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்; அந்தத் தூசி மனித நுரையீரலுக்கும் கேடு.

மூச்சுத் திணறல் எல்லாமே தூசியால் வருவதல்ல. வெள்ளைக்கழிச்சலிலும் கோழி வாயைப் பிளக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இரு வார முகாமில் அதற்குத் தடுப்பூசி இலவசம். இரண்டு மூன்று கோழிகள் சேர்ந்தாற்போல் இளைத்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். செத்த கோழியைப் புதைப்பதற்கு முன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

(தொடரும்)