வீட்டுக்குள் ஓடும் எல்லைக்கோடு... நாகாலாந்தின் லோங்வாவுக்கு ஒரு ரோடு டிரிப்!

அஸ்ஸாமின் சோனாரியைத் தாண்டியதும் தேயிலைத் தோட்டங்கள் மெல்ல விடைபெறும். நாகாலாந்தின் மலைப்பாதை தொடங்கும். மோன் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. போனால் லோங்வா. மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும் என்பதால் ஜீப்தான் வசதி.

நம் நாட்டுக்குள்தான் பயணம் என்றாலும், 'இன்னர் லைன் பெர்மிட்' கையில் இருக்க வேண்டும். 1873-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏற்பாடு அது!

மலைமுகட்டில் இருக்கும் லோங்வா, கொன்யாக் நாகா மக்களின் ஊர். இவர்களின் தலைவரை 'ஆங்' என்கிறார்கள். அவர் வீட்டின் ஒரு பாதி இந்தியாவில், மறு பாதி மியான்மரில்! 1967-ல் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் போட, கோடு ஊரின் நடுவே விழுந்தது. ஆனால், உறவுகள் பிரியவில்லை. இந்தப் பக்கம் வசிக்கும் பலருக்கு விளைநிலம் மியான்மர் பக்கம். அங்கிருந்து பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள்.

எல்லையிலிருந்து 16 கி.மீ. வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்ற சலுகைதான் இவர்களுக்குக் கைகொடுத்தது. 2024 பிப்ரவரியில், பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. 1,643 கி.மீ. எல்லைக்கும் வேலி போடப்படும் என்றது. அடுத்த மாதமே நாகாலாந்து சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டிசம்பரில், '10 கி.மீ. வரை மட்டும், அதுவும் அனுமதிச் சீட்டோடு' என்று புது விதி வந்தது.

ஆங் வீட்டில் இரு நாட்டிலும் கால் வைத்து செல்ஃபி எடுப்பவர்களுக்கு அந்தக் கோடு ஒரு வேடிக்கை. கூடையைச் சுமந்து வயலுக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு?