லாயாங்-லாயாங்கில் தொலைந்த படை
ஜொகூரின் ரயில் பாதையில் முடிந்த ஒன்பதாவது இந்திய டிவிஷனின் கதை

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயிலில் போகிறவர்கள் ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று வரிசையாகச் சிறிய ஊர்களைக் கடப்பார்கள். இரு பக்கமும் செம்பனை, ஆங்காங்கே மிஞ்சிய பால்மரங்கள், தூரத்தில் ஒரு பழைய தோட்டக் கோயிலின் கோபுரம். 1942 ஜனவரி கடைசி வாரத்தில், இந்தப் பாதையில்தான் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட ஒரு படை உடைந்து சிதறியது. அதன் தளபதியும் இங்கேதான் உயிரிழந்தார்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வந்தால் சயாம் மரண ரயில் வரும், மரவள்ளிக்கிழங்கு வரும், நேதாஜி வருவார். ஆனால் அதற்கு முன்பே நம் தோட்டங்களின் நடுவே போரிட்டு மடிந்த இந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர் அல்லர் என்பது ஒரு காரணம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் வந்தவர்கள் என்பது இன்னொரு காரணம்.

டிவிஷன் என்றால் என்ன?

இந்தக் கதை புரிய ஒரு சிறிய கணக்குத் தெரிய வேண்டும். அன்றைய இந்திய ராணுவத்தில் காலாட்படையின் அடிப்படை அலகு பட்டாளம். சுமார் 800 பேர். மூன்று பட்டாளங்கள் சேர்ந்தால் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேடுகள் சேர்ந்தால் ஒரு டிவிஷன். அதோடு பீரங்கிப் படை, பாலம் கட்டவும் தகர்க்கவும் தெரிந்த பொறியாளர்கள், தகவல் தொடர்புப் பிரிவு, மருத்துவப் பிரிவு, லாரிகள் எல்லாம் இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 17,000 பேர்.

ஏன் மூன்று பிரிகேடுகள்? இரண்டு முன்னணியில் நிற்கும். ஒன்று பின்னால் கையிருப்பாக இருக்கும். எங்காவது எதிரி உடைத்துக்கொண்டு வந்தால் அந்த ஓட்டையை அடைக்க ஆள் இருக்க வேண்டும். கையிருப்பு இல்லாத டிவிஷன், உபரி டயர் இல்லாமல் நெடுந்தூரம் போகும் லாரி மாதிரி. ஒரு டயர் வெடித்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

1940இல் உருவாக்கப்பட்ட ஒன்பதாவது இந்திய டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ தளபதி. மலாயாவில் போர் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை 8, 22 ஆகிய இரண்டு பிரிகேடுகள் மட்டுமே. முதல் நாளிலிருந்தே அது கையிருப்பு இல்லாத டிவிஷன்.

வேறொரு குறையும் இருந்தது. 1939இல் சுமார் இரண்டு லட்சம் பேர் கொண்டிருந்த இந்திய ராணுவம், போர் முடிவதற்குள் 25 லட்சமாக வளர்ந்தது. புதிய பட்டாளங்களை உருவாக்கப் பழைய பட்டாளங்களிலிருந்து அனுபவமுள்ள ஹவில்தார்களையும் அதிகாரிகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு ராணுவத்தில் 'பால் கறப்பது' என்றே பெயர். மலாயாவுக்கு வந்த பட்டாளங்களில் நிறையப் பேர் பயிற்சி முழுமை பெறாத இளைஞர்கள். அவர்களில் பலர் அதற்கு முன் டாங்கியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

காலியான விமானத் தளங்களுக்குக் காவல்

8வது பிரிகேட் கோத்தா பாருவில். 22வது பிரிகேட் குவாந்தானில். இரண்டுக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் இரண்டு ஊர்களையும் நேராக இணைக்கும் சாலை இல்லை. ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றொன்று போய் உதவ வழியே கிடையாது.

எதிரி எங்கே வருவான் என்று மட்டும் பார்த்து இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. விமானப் படை எங்கே தளம் அமைத்ததோ அங்கே காவலுக்கு இவர்களை நிறுத்தினார்கள். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஜப்பானியர் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கினார்கள். பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே இங்கே போர் தொடங்கிவிட்டது. கரையில் நின்ற டோக்ரா பட்டாளத்தினர் கடுமையாகப் போரிட்டார்கள். ஜப்பானியருக்கு அங்கே பெரிய இழப்பு. ஆனால் அன்று மாலைக்குள் பிரிட்டிஷ் விமானங்கள் கோத்தா பாருவை விட்டுப் போய்விட்டன. மறுநாள் குவாந்தானிலிருந்தும் போய்விட்டன. விமானங்கள் போன பிறகும் வெறும் ஓடுபாதையைக் காக்கும் வேலை சிப்பாய்களுக்கு மிஞ்சியது. 22வது பிரிகேட் ஜனவரி 3 வரை குவாந்தானில் இருந்து, பெரும் இழப்போடு பின்வாங்கியது.

ஜொகூரில் கடைசி அரண்

ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் பதினோராவது இந்திய டிவிஷன் சிதைந்தது. கோலாலம்பூர் கைவிடப்பட்டது. மிஞ்சிய படைகள் ஜொகூரில் அணிவகுத்தன. ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட்டின் கீழ் ஒரு புதிய கூட்டுப் படை அமைந்தது. ஒன்பதாவது டிவிஷனும் அதில் சேர்க்கப்பட்டது.

மேற்குக் கரையில் மூவாரைக் காக்க 45வது இந்திய பிரிகேட் வந்தது. பாலைவனப் போருக்காகத் தயார் செய்யப்பட்ட அந்தப் பிரிகேட் ஜனவரி தொடக்கத்தில்தான் சிங்கப்பூரில் வந்து இறங்கியது. இரண்டே வாரத்தில் மூவார் ஆற்றங்கரையிலும் பக்ரியிலும் அது நொறுங்கியது. அதன் தளபதி பிரிகேடியர் டங்கனும் மடிந்தார். தப்பி வந்தவர்கள் பாரிட் சூலோங் பாலத்தருகே மடக்கப்பட்டார்கள். நடக்க முடியாமல் அங்கே விடப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியருமாகச் சுமார் 150 பேரை ஜப்பானியர் கொன்றார்கள்.

மேற்குக் கரை போனதால் நடுப்பகுதியிலும் நிற்க முடியவில்லை. செகாமாட், லாபிஸ், குளுவாங் என்று ரயில் பாதையை ஒட்டியே ஒன்பதாவது டிவிஷன் பின்வாங்கியது. வடக்கே நியோர் பகுதியில் சீக்கியப் பட்டாளம் துப்பாக்கிக் கத்திகளோடு பாய்ந்து ஜப்பானியரைத் திருப்பி அடித்ததும் இந்த நாட்களில்தான். ஜனவரி 31க்குள் எல்லோரும் தாம்போக்கைக் கடந்து சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு பாலமும் ஒரு தந்திக் கம்பியும்

ரெங்கத்துக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டி நல்ல சாலை இல்லை. அதனால் பீரங்கிகளையும் லாரிகளையும் பெருஞ்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதங்களோடு, தண்டவாளத்தின் மேல் நடந்தார்கள். திட்டப்படி 22வது பிரிகேட் முன்னால் நின்று எதிரியைத் தடுக்கும். 8வது பிரிகேட் லாயாங்-லாயாங் அருகே அதற்குப் பின்பலமாக நிற்கும்.

ஜனவரி 27 இரவில் இரண்டு தவறுகள் நடந்தன. லாயாங்-லாயாங் அருகே இருந்த ரயில் பாலம் உரிய நேரத்துக்கு முன்பே தகர்க்கப்பட்டது. பாலத்தோடு ரயில்வே தந்திக் கம்பியும் அறுந்தது. 22வது பிரிகேடுக்கு இருந்த ஒரே தொடர்பு அந்தக் கம்பிதான். இரண்டாவதாக, 8வது பிரிகேட் சொல்லப்பட்ட இடத்தில் நிற்காமல் இன்னும் தெற்கே போய்விட்டது. இரண்டு பிரிகேடுகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. ரப்பர் தோட்டப் பாதைகள் வழியாகச் சுற்றி வந்த ஜப்பானியர் அந்த இடைவெளிக்குள் புகுந்தார்கள்.

மறுநாள் காலை பார்ஸ்டோ தாமே நிலைமையைப் பார்க்கப் புறப்பட்டார். இரண்டு அதிகாரிகளோடு ரயில்வே டிராலியில் பாலம் வரை வந்து, உடைந்த பாலத்தைக் கால்நடையாகத் தாண்டினார். அப்பால் காத்திருந்தது எதிரி. துப்பாக்கிச் சூட்டில் அவர் இறந்தார். உடன் வந்த இருவரும் தப்பினார்கள்.

தனித்து விடப்பட்ட 22வது பிரிகேடின் தளபதி பிரிகேடியர் பெயிண்டர், தண்டவாளத்தை விட்டு விலகித் தோட்டங்களுக்குள்ளும் காட்டுக்குள்ளும் தம் ஆட்களை நடத்திச் சென்றார். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சாப்பாடு இல்லை. வரைபடத்தில் இல்லாத காட்டுப் பாதைகள். அவர்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று தலைமைத் தளபதி பெர்சிவல் முடிவு செய்தார். ஜனவரி 31 காலையில் கடைசிப் படை ஜொகூர் பாருவிலிருந்து தாம்போக்கைக் கடந்ததும் தாம்போக்கு தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 1ஆம் தேதி பெயிண்டரும் மிஞ்சிய சிப்பாய்களும் சரணடைந்தார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டுமே எப்படியோ நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் சேர்ந்தது.

அத்தோடு ஒன்பதாவது டிவிஷன் முடிந்தது. எஞ்சிய 8வது பிரிகேடைப் பதினோராவது டிவிஷனோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு வாரங்களில் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

யாருடைய வீரர்கள்?

பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தில் சேரச் சொல்லி அழைத்தார். ஏராளமானோர் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலர் நியூ கினி தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டு, பசியிலும் நோயிலும் மாண்டார்கள். 1943இல் நேதாஜி வந்த பிறகு நம் தோட்டத் தமிழர்களும் பெருந்திரளாக அந்த ராணுவத்தில் சேர்ந்தது எல்லோரும் அறிந்த கதை.

ஆனால் அதற்கு முன்பே லாயாங்-லாயாங்கிலும் மூவாரிலும் விழுந்தவர்களுக்கு இந்த இரண்டு பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷாருக்கு அது மறக்க வேண்டிய தோல்வி. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அவர்கள் அந்நியக் கொடிக்குப் போரிட்டவர்கள். மலேசியாவுக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள். பாதிப் படையாக அனுப்பப்பட்டு, காலியான ஓடுபாதைக்குக் காவல் நின்று, கடைசியில் காட்டில் கைவிடப்பட்டவர்களுக்குச் சொந்தம் கொண்டாட யாரும் இல்லை.

பெயர்கள் மட்டும் இருக்கின்றன. சிங்கப்பூர் கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியப் பட்டாளங்களின் பெயர்கள் அங்கே பத்தி பத்தியாக நீள்கின்றன. சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, தனி நினைவுச் சின்னமும் உண்டு. தாம்போக்கைத் தாண்டினால் சிறிது தூரம்தான். நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

இன்னொரு வேலை நம் வீட்டிலேயே இருக்கிறது. ரெங்கம், குளுவாங், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களில், அந்த ஜனவரியைப் பற்றித் தாத்தா பாட்டி ஏதாவது சொல்லியிருப்பார்கள்: லயத்து வாசலில் தண்ணீர் கேட்ட தலைப்பாகைக்காரர், பால்காட்டில் கிடந்த தொப்பி, ஆள் யாரென்று தெரியாமல் புதைத்த ஓர் இடம். அப்படி ஒரு வரி உங்கள் குடும்பத்தில் இருந்தால், சொன்னவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வையுங்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கே என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.