இலவசமாக வந்த விதையில் குறை இருந்தால் சொல்லலாமா?

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம் கிராமங்களில் ஒரு பழமொழி உண்டு. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த சொல் அது. ஆனால் மாடு வைத்திருப்போர் அனைவருக்கும் ஒன்று தெரியும். பல் தேய்ந்த மாடு தானமாக வந்தாலும், விலைக்கு வந்தாலும், அதற்குப் போடும் வைக்கோலின் விலை ஒன்றுதான். விதைக்கும் கன்றுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலை அடுத்த முக்காணி, ஆத்தூர், சேர்ந்தபூமங்கலம் பகுதிகளில் நெல், வாழை, வெற்றிலை, தென்னை என்று சாகுபடி செய்யும் சிறு விவசாயிகள் பலர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இப்படிப்பட்ட காலங்களில் அரிசியும் துணியும் விதையும் கன்றும் விலையின்றி வந்து சேரும். வாங்கிக் கொள்வோர் கைகூப்புவார்கள். வந்ததில் குறை இருந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். சாதாரண காலத்தில் செயல்விளக்கத் திடலுக்கென்று வரும் விதைக்கும் இதே நிலைதான். இந்த மௌனத்தால் யாருக்கு நன்மை என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

ஒன்பது பேரின் மரியாதை

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிலையத்திலிருந்து, கடலோரக் கிராமம் ஒன்றில் பத்து விவசாயிகளுக்கு உளுந்து விதையை விலையின்றிக் கொடுத்தோம். பத்து நாட்கள் கழித்துச் சென்று விசாரித்தபோது ஒன்பது பேர், "நல்லாத்தான் இருக்கு ஐயா" என்றார்கள். பத்தாவதாக ஒரு வயதான அம்மாள் மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே முளைக்காத விதைகள் இருந்தன. "தப்பா நினைச்சுக்கிடாதீங்க ஐயா. சும்மா கொடுத்ததைக் குத்தம் சொல்லக் கூடாதுதான். ஆனா பாதி விதை மண்ணுக்குள்ளயே கிடக்கு" என்றார்.

மீதமிருந்த விதையை எடுத்து முளைக்கப் போட்டோம். நூற்றுக்கு 48 விதைகளே முளைத்தன. கடற்காற்றின் ஈரம் புகும் அறையில் சில வாரங்கள் மூட்டையை வைத்திருந்ததே காரணம். அது எங்கள் தவறு. அந்த அம்மாள் சொன்னதால், அடுத்த கிராமங்களுக்குப் போகவிருந்த மூட்டைகளை நிறுத்தினோம். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வயலின் ஈரம் காய்ந்து விட்டது. மறுவிதைப்புக்குப் பருவம் இல்லை. நான்காம் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் ஒருவேளை பத்து வயல்களும் பிழைத்திருக்கும்.

விதை மட்டுமே இலவசம்

விதை இலவசம் என்கிறோம். உழவுக்கூலி இலவசமா? அடியுரம் இலவசமா? களையெடுப்புக்கு வரும் ஆட்கள் கூலி கேட்காமல் போவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாகப் பருவம் ஒன்று இருக்கிறது. போன பருவத்தைப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

தென்னையில் இந்தக் கணக்கு மிகப் பெரிது. 2021-22-இல் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் விவசாயக் குடும்பங்களுக்குத் தென்னங்கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டன. நெட்டை ரகத் தென்னை பலனுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நோஞ்சான் கன்றை வைத்து விட்டு, அது தேறாது என்று தெரிந்து கொள்ளவே சில ஆண்டுகள் ஓடி விடும். ஆகவே கன்றை வாங்கும் இடத்திலேயே பாருங்கள். வயது 9 முதல் 12 மாதம் இருக்க வேண்டும். குறைந்தது 6 இலைகளும், கழுத்துப் பகுதியில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் இருக்க வேண்டும். இல்லையென்றால், "இதற்குப் பதில் வேறு கன்று கொடுங்கள்" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களின் விதையை விற்பதை மட்டும் சொல்லவில்லை. பண்டமாற்றாகக் கொடுப்பதையும், வேறு வகையில் வழங்குவதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தத் தொழிலைச் செய்வோர் குறைந்தபட்ச முளைப்புத் திறனும் தூய்மையும் உள்ள விதையையே, அட்டை கட்டிக் கொடுக்க வேண்டும். சான்று விதைக்கான முளைப்புத் திறன் நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கு 75 சதவீதம். ஈரப்பதம் நெல்லில் 13, உளுந்தில் 9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விலையில்லா விதை என்பதற்காக இந்த அளவு குறைந்து விடாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் வயலில் விளைந்ததை வீட்டில் வைத்து அளந்து கொடுத்தால் இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அங்கே நம் சோதனைதான் காவல்.

நஷ்ட ஈடு வேறு விஷயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விலை கொடுத்து வாங்கியவரே நுகர்வோர். விதையை விலைக்கு வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முழுதும் இலவசமாகப் பெற்றவருக்கு அந்த வழி பொதுவாகத் திறப்பதில்லை. மானிய விலையில் வாங்குவதும் வாங்குவதே என்பதால் ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம்.

இந்த இடத்தில் 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகள் பற்றி அளித்த தீர்ப்பு கவனிக்கத் தக்கது. பணம் கொடுப்போருக்கும், கொடுக்க முடியாதோருக்கும் ஒரே மருத்துவமனை சிகிச்சை அளித்தால், இலவச நோயாளியும் நுகர்வோரே என்றது அத்தீர்ப்பு. இலவசம் என்றாலும் அதற்கான செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள் என்பது இதன் கருத்து. நம் பம்பு செட்டுக்கு வரும் மின்சாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் அது இலவசமாயிற்று. அதற்கான தொகையை அரசு மக்கள் பணத்திலிருந்து செலுத்துகிறது. அரசு தரும் விதையும் இப்படித்தான் வருகிறது. தீப்பெட்டி வாங்கும்போது நாமும் வரி கட்டுகிறோம். ஆகவே குறையைச் சொல்வது நன்றி கெட்ட செயல் ஆகாது.

சொல்லும் முன் சோதியுங்கள்

சொல்லலாம் என்பதால் எதற்கெடுத்தாலும் விதையைக் குறை கூறவும் கூடாது. முளைக்காமைக்கு விதையும் காரணமாகலாம், நீரும் நிலமும் காரணமாகலாம், நாமே காரணமாகலாம். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நிலங்களில் கிணற்று நீர் உவராக இருப்பது புதிதல்ல. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு.

விதையைப் பொறுக்காமல் கைக்கு வந்தபடி 200 எண்ணி எடுங்கள். இரண்டு ஈரச் சாக்குத் துண்டுகளில் வரிசைக்குப் பத்தாக, துண்டுக்கு 100 விதை பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஒன்றை நல்ல குடிநீரிலும், மற்றொன்றை உங்கள் கிணற்று நீரிலும் நனைத்து, காயாமல் தெளித்து வாருங்கள். உளுந்தை 7-ஆம் நாளும், நெல்லை 14-ஆம் நாளும் எண்ணுங்கள். வேரும் தண்டும் நன்றாக வந்தவற்றை மட்டும் கணக்கில் சேருங்கள். உளுந்தில் நீரை உறிஞ்சாமல் கல்லாகவே கிடப்பவற்றைத் தனியாக எண்ணுங்கள். அவை செத்த விதைகள் அல்ல.

இரண்டு சாக்கிலும் முளைப்பு குறைந்தால் விதையைச் சந்தேகிக்கலாம். நல்ல நீரில் முளைத்துக் கிணற்று நீரில் முளைக்கவில்லை என்றால் குறை விதையில் இல்லை. அப்போது மண், நீர் இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பி, உவர் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களைக் கேளுங்கள். "இந்த ரகம் எங்கள் நிலத்துக்கு ஆகாது" என்று சொல்வதும் பயனுள்ள குறைதான். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கி, இளநாற்றுப் பருவத்தில் வாடும் இயல்புடையது. எனவே முளைத்த பின் கருகினால் நீரையும் மண்ணையும் முதலில் பாருங்கள். புதிதாக அறுவடையான நெல் சில வாரங்கள் உறக்க நிலையில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

குறையை எப்படிச் சொல்வது?

1. விதைக்கும் முன் இரண்டு கைப்பிடி விதையை அட்டையோடும் பையோடும் எடுத்து வையுங்கள். குவியல் எண் அட்டையில்தான் இருக்கும். இவை இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிப்பது கடினம்.

2. பெற்ற தேதி, விதைத்த தேதி, நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்பதை எழுதுங்கள். "விதை மோசம்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "நூற்றுக்கு 48" என்று எழுதினால் அதிகாரி எழுந்து வந்தே ஆக வேண்டும்.

3. முதலில் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் விதையைத் தயாரித்தவர் அல்லர், கொண்டு வந்தவர். அவரிடம் கோபம் வேண்டாம். அடுத்து வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் மனுக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். கிசான் அழைப்பு மையத்தில் 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

4. தாமதம் வேண்டாம். மறுவிதைப்புக்குக் காலம் இருக்கும்போதே சொல்லும் குறைக்குத்தான் மாற்று விதை கிடைக்க வழி உண்டு.

5. கொடுத்ததில் நல்லது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எது தேறியது, எது தேறவில்லை என்ற இரண்டும் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு சரியானது வரும்.

பை சிறியது, ரகத்தின் நிறம் பிடிக்கவில்லை என்பவற்றை மனுவாக்க வேண்டாம். அப்படிப்பட்ட மனுக்கள் பெருகினால் உண்மையான குறை அவற்றின் அடியில் போய் விடும்.

விவசாயப் பெருமக்களே, "நன்றாக இருக்கிறது" என்று பொய்யாகச் சொல்வது மரியாதை போலத் தோன்றும். அதைக் கேட்ட அலுவலர் அதே விதையைப் பக்கத்து ஊருக்கும் கொண்டு செல்வார். அங்கேயும் ஒரு சிறு விவசாயி கடன் வாங்கி உழுது வைத்துக் காத்திருப்பார். நீங்கள் குறையைச் சொன்னால், உங்களுக்கு மாற்று விதை கிடைக்காமல் போனாலும், அவருடைய பருவம் தப்பும்.