எஞ்சினுக்கு இடம் போதவில்லை

2015 மார்ச் 15. மெல்போர்னில் அந்த ஆண்டின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் தொடங்கவிருந்தது. தொடக்கக் கோட்டில் போய் நிற்க வேண்டிய கெவின் மேக்னுசனின் மெக்லாரன், கோட்டை அடையும் முன்பே புகைவிட்டு நின்றுபோனது. அதே அணியின் ஜென்சன் பட்டன் மட்டும் ஓடினார். எஞ்சின் சூடேறிவிடக் கூடாது என்பதற்காக அதன் திறனைக் குறைத்து வைத்திருந்தார்கள். பந்தயத்தை முடித்தவர்களில் கடைசியாக, வென்றவரைவிட இரண்டு சுற்று பின்தங்கி, 11-வது ஆளாக வந்தார். அந்த வார இறுதியில் அணிக்குக் கிடைத்த நல்ல செய்தி அதுதான்.

இரண்டு கார்களிலும் இருந்தது ஹோண்டா எஞ்சின். பழைய ரசிகர்களுக்கு இது ஏன் நெஞ்சில் இடித்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1988-ல் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது மெக்லாரன்–ஹோண்டா. அயர்ட்டன் சென்னாவும் அலென் ப்ரோஸ்ட்டும் ஓட்டிய சிவப்பு வெள்ளைக் கார்கள் அவை. 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டும் அணிப் பட்டம், ஓட்டுநர் பட்டம் இரண்டும் இந்தக் கூட்டணிக்கே. 1992-ன் முடிவில் ஹோண்டா விலகியது. அந்த இரு பெயர்களும் மறுபடி சேர்கின்றன என்று 2013 மே மாதம் அறிவித்தபோது எழுந்த எதிர்பார்ப்பை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஃபார்முலா 1-ல் அணி வேறு, எஞ்சின் செய்பவர் வேறாக இருப்பது சகஜம். 2005-ல் நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது அந்தக் காரில் இருந்தது டொயோட்டா எஞ்சின். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் இருக்கும் மெக்லாரனும் இப்படி வெளியிலிருந்து எஞ்சின் பெற்று ஓட்டும் அணிதான். 1995 முதல் 2014 வரை மெர்சிடிஸ் எஞ்சின் வைத்திருந்தது. ஆனால் 2010-ல் மெர்சிடிஸ் சொந்த அணியோடு களமிறங்கிவிட்டது. தன் அணிக்கும் எஞ்சின் செய்யும் ஒரு நிறுவனத்திடம் வாங்கி ஓட்டினால் பட்டம் வெல்லவே முடியாது என்பது அன்றைய மெக்லாரன் தலைவர் ரான் டென்னிஸின் உறுதியான எண்ணம். தனக்கென்றே எஞ்சின் செய்து தரும் ஒரு நிறுவனம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் ஹோண்டா வந்தது.

வந்த நேரம்தான் கடினமான நேரம். 2014-ல் விதிகள் அடியோடு மாறியிருந்தன. அதுவரை இருந்த 2.4 லிட்டர் V8 எஞ்சின் போய், 1.6 லிட்டர் V6 டர்போ வந்தது. 1.6 லிட்டர் என்பது நம் சாலையில் ஓடும் நடுத்தரக் காரின் எஞ்சின் அளவு. அதோடு இரண்டு மின் இயந்திரங்கள், ஒரு பேட்டரி. எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு ‘பவர் யூனிட்’ என்று பெயர். மாற்றங்களிலேயே பெரியது எரிபொருளுக்கு வந்த கட்டுப்பாடு. மணிக்கு 100 கிலோ என்ற வேகத்துக்கு மேல் பெட்ரோல் எஞ்சினுக்குள் பாயக் கூடாது. முழுப் பந்தயத்துக்கும் 100 கிலோதான். எல்லோருக்கும் ஒரே அளவு பெட்ரோல் என்று ஆகிவிட்டதால், அதிகம் எரித்து வேகம் பெறும் வழி அடைபட்டது. எரிவதில் குறைவாக வீணாக்குபவரே வெல்வார்.

சாதாரண பெட்ரோல் காரின் எஞ்சின் தன் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது. மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. 2017-ல் மெர்சிடிஸ் தன் பவர் யூனிட் சோதனை மேடையில் 50 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. பெட்ரோல் எஞ்சின் வரலாற்றில் இது சாதாரணச் செய்தி அல்ல. இதைச் சாத்தியமாக்கியது அந்த இரண்டு மின் இயந்திரங்கள்தான்.

முதலாவது எம்ஜியு-கே. பிரேக் போடும்போது காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். முடுக்கும்போது அதே மின்சாரத்தை வாங்கி 120 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 160 குதிரைத்திறன், கூடுதலாகத் தரும். ஆனால் 2014 விதிப்படி பிரேக்கிலிருந்து ஒரு சுற்றுக்கு 2 மெகாஜூல்தான் சேமிக்கலாம். பேட்டரியிலிருந்து 4 மெகாஜூல் வரை செலவழிக்கலாம். அந்த 4 மெகாஜூல் முழுத் திறனில் 33 விநாடிக்கு வரும். சேமிப்பதைப் போல இரு மடங்கு செலவழிக்க அனுமதி இருந்தது. அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்?

புகையிலிருந்து. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரெசர் வெளிக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இதுதான் டர்போ. அந்தத் தண்டிலேயே ஒரு மின் இயந்திரத்தைப் பொருத்தினால் அது எம்ஜியு-எச். கம்ப்ரெசருக்குத் தேவையானது போக டர்பைனில் மிஞ்சும் சுழற்சியை அது மின்சாரமாக்குகிறது. இந்த மின்சாரத்துக்கு அன்றைய விதிகளில் உச்சவரம்பே இல்லை. எவ்வளவு எடுக்க முடிகிறதோ அவ்வளவு எடுக்கலாம், பேட்டரிக்குப் போகாமல் நேராக எம்ஜியு-கேவுக்கே அனுப்பலாம். ஓட்டுநர் வளைவில் காலை எடுத்தவுடன் டர்போ மந்தமாகிவிடாமல் அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பதும் இதன் வேலைதான். 2014 விதிகளின் உயிர்நாடி இந்த ஒரு பாகம். இதில் வென்றவர் எல்லாவற்றிலும் வென்றார்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழலலாம் என்றது விதி. நம் வீட்டு மிக்சி வேகமாக ஓடும்போது ஏறக்குறைய 20,000 சுற்று. அதன் ஆறு மடங்கு வேகம். ஒரு முனையில் கொதிக்கும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று, நடுவில் காந்தங்களும் கம்பிச்சுருளும் கொண்ட மோட்டார். தண்டு மயிரிழை வளைந்தாலும் தாங்கு உருளைகள் சிதறிப்போகும்.

இனி மெக்லாரன் கேட்டதைப் பார்ப்போம். காற்று தடையின்றி ஓட, காரின் பின்பகுதி முடிந்த அளவு ஒடுங்கி இருக்க வேண்டும் என்று அணியின் வடிவமைப்பாளர்கள் விரும்பினார்கள். ‘சைஸ் ஜீரோ’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஹோண்டாவும் மனமுவந்து ஏற்றது. ஜப்பானின் டோச்சிகி மாநிலத்தில் சகுரா என்ற ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில், கம்ப்ரெசரை எஞ்சினின் V வடிவ இடைவெளிக்குள்ளேயே திணித்து வைக்கும் வடிவம் உருவானது. கச்சிதமான வேலை. ஆனால் அந்த இடைவெளியில் பெரிய கம்ப்ரெசர் அடங்காது.

சிறிய கம்ப்ரெசர் அதே அளவு காற்றைத் தர வேண்டுமானால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதற்கே டர்பைனின் ஆற்றல் கரைந்துவிடும், எம்ஜியு-எச் எடுத்துக்கொள்ள மிச்சம் குறைவு. மின்சாரம் போதாது. நேர்ப்பாதையின் தொடக்கத்தில் மற்றவர்களோடு ஒட்டி ஓடும் கார், பாதித் தூரத்தில் பேட்டரி வற்றிப்போய் அந்த 160 குதிரைத்திறனையும் இழந்துவிடும். பக்கத்துக் கார்களோ நேர்ப்பாதையின் கடைசி வரை முழுத் திறனோடு போகும். மெக்லாரனுக்கு ஓட்டிய, இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஃபெர்னாண்டோ அலான்சோ, 2015 சுசூகா பந்தயத்தில், ஹோண்டாவின் சொந்த ஓடுகளத்தில், நேர்ப்பாதையில் முந்தப்பட்டபோது வானொலியில் ‘ஜிபி2 எஞ்சின்’ என்று கத்தினார். ஜிபி2 என்பது அன்று ஃபார்முலா 1-க்கு அடுத்த கீழ்ப்படி. உலகமே அதைக் கேட்டது. சகுராவில் இரவு பகலாக உழைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அலான்சோ சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய கம்ப்ரெசருக்கான விதை வோக்கிங்கில் வரைந்த ஒடுங்கிய பின்பகுதியில் இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

குறை தெரிந்த பிறகு உடனே மாற்றினால் என்ன? அங்கேதான் விதி மறித்தது. எஞ்சினின் திறனைக் கூட்ட எதை மாற்றினாலும் ‘டோக்கன்’ செலவழிக்க வேண்டியிருந்தது, டோக்கன்களோ கொஞ்சம். சோதனை ஓட்டங்களுக்கும் கடுமையான வரம்பு. ஓர் ஓட்டுநர் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் பாகங்களுக்கும் அளவு உண்டு, மீறினால் தொடக்க வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்கள். 2015 பெல்ஜியம் பந்தயத்தில் மெக்லாரனின் இரு ஓட்டுநர்களுக்கும் சேர்த்து 105 இடத் தண்டனை விழுந்தது. களத்தில் இருந்ததே 20 கார்கள்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது, அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அந்த ஆண்டு மெர்சிடிஸ் எஞ்சின் நான்கு அணிகளில், எட்டுக் கார்களில் ஓடியது. ஒவ்வொரு பந்தயத்திலும் எட்டு எஞ்சின்களின் தகவல் அவர்களுக்குக் கிடைத்தது. ஹோண்டாவுக்கு இரண்டே கார்கள், அவையும் பாதி வழியில் நின்றுவிடும். மற்றோர் அணிக்கும் ஹோண்டா எஞ்சின் போவதை ரான் டென்னிஸ் விரும்பவில்லை. தனக்கென்றே ஓர் எஞ்சின் வேண்டும் என்ற ஆசை, அந்த எஞ்சின் கற்றுக்கொள்ளும் வழியையே அடைத்துவிட்டது. என் கணிப்பில் இந்தக் கூட்டணியின் மிகப் பெரிய தவறு இதுதான்.

2015-ஐ 27 புள்ளிகளோடு ஒன்பதாவது இடத்தில் முடித்தார்கள். 2016-ல் ஹோண்டாவின் பந்தயப் பொறுப்பு யசுஹிசா அராயிடமிருந்து யூசுகே ஹசேகாவாவுக்கு மாறியது. டர்போவைப் பெரிதாக்கினார்கள், மின் பற்றாக்குறை பெருமளவு தீர்ந்தது, 76 புள்ளிகளோடு ஆறாவது இடம் கிடைத்தது. அப்படியே மெல்ல வளர்ந்திருக்கலாம்.

ஆனால் 2017-ல் டோக்கன் முறை நீக்கப்பட்டது. ஹோண்டா எஞ்சினை முதலிலிருந்து புதிதாக வடிவமைத்தது. மெர்சிடிஸ் செய்திருந்ததைப் போலக் கம்ப்ரெசர் முன்னால், டர்பைன் பின்னால், இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டின் நடுவில் எம்ஜியு-எச். சரியான திசைதான். ஆனால் தண்டு நீண்டால் அதிர்வும் கூடும். ஒற்றை சிலிண்டரை வைத்துச் சோதித்தபோது கிடைத்த நல்ல முடிவுகள் முழு V6-ல் கிடைக்கவில்லை. பார்சிலோனா சோதனையின் முதல் நாளே எண்ணெய்த் தொட்டியில் கோளாறு. வளைவில் கார் திரும்பும்போது எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்குவதை, அசையாமல் நிற்கும் சோதனை மேடையில் கண்டுபிடிக்க முடியவில்லை. பஹ்ரைனில் எம்ஜியு-எச்கள் அடுத்தடுத்துப் பழுதாகின. ரஷ்யாவில் அலான்சோவின் கார் தொடக்கத்துக்கு முந்தைய சுற்றிலேயே நின்றது. அந்த மே மாதம் அலான்சோ மொனாக்கோவை விட்டுவிட்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ஓடப் போனார். அங்கும் அவருடைய ஹோண்டா எஞ்சின் முடிவுக்கு 21 சுற்று இருக்கையில் புகைந்தது. ஆனால் அந்தப் பந்தயத்தை வென்ற டகுமா சாட்டோவின் காரிலும் ஹோண்டா எஞ்சின்தான் இருந்தது.

2017 செப்டம்பரில், சிங்கப்பூரில், பிரிவு அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டு, 60 பந்தயம். ஒரு முறைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. ஐந்தாவது இடம்தான் உச்சம்.

அடுத்த ஆண்டு நடந்தது ஒரு பரிசோதனையைப் போல அமைந்தது. மெக்லாரன் ரெனோ எஞ்சினுக்கு மாறியது. அதே எஞ்சினோடு ரெட் புல் 2018-ல் நான்கு பந்தயங்களை வென்றது. மெக்லாரன் ஒன்றையும் வெல்லவில்லை, முதல் மூன்றிலும் வரவில்லை. எங்கள் கார் நல்ல கார், எஞ்சின்தான் மோசம் என்று மூன்று ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த அணிக்கு, காரின் உடலிலும் குறை இருப்பது அப்போதுதான் புரிந்தது.

ஹோண்டாவோ டோரோ ரோசோ என்ற சிறிய அணிக்குப் போனது. பட்டம் வெல்லும் அவசரம் அங்கே இல்லை. எஞ்சினுக்கு வேண்டிய இடத்தை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். 2018-ன் இரண்டாவது பந்தயத்திலேயே பியர் காஸ்லி நான்காவதாக வந்தார். இதற்கிடையே ஹோண்டா தன் வீட்டுக்குள்ளேயே உதவி தேடியது. நீண்ட தண்டின் அதிர்வைத் தீர்க்க, ஹோண்டா ஜெட் விமானத்தின் எஞ்சின் பிரிவினர் வந்தார்கள். அதிவேகத்தில் சுழலும் தண்டு அவர்களுக்கு அன்றாட வேலை. பிறகு டர்போவின் இறக்கைகளையும் அவர்களே மெருகேற்றினார்கள். சிலிண்டர் உட்சுவரின் பூச்சுக்கு, மோட்டார் சைக்கிள் செய்யும் குமாமோட்டோ தொழிற்சாலையின் முலாம் பூசும் நுட்பம் உதவியது. பல ஆண்டாக ஒரே நிறுவனத்துக்குள் இருந்த அறிவு, நெருக்கடி வந்த பிறகே ஓரிடத்தில் சேர்ந்தது.

2019-ல் ரெட் புல் ஹோண்டாவை ஏற்றது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று ஆஸ்திரியாவில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். 2006-க்குப் பிறகு ஹோண்டா எஞ்சினுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. 2021-ல் அவர் உலகப் பட்டமும் வென்றார். மூன்று ஆண்டு கேலிக்கு ஆளான எஞ்சினின் நேரடி வாரிசுதான் அவர் காரில் இருந்தது.

மெக்லாரன் 2021-ல் மறுபடி மெர்சிடிஸிடமே போனது. எஞ்சினுக்குத் தேவையான இடத்தைத் தந்து, தன் காரைத் திருத்திக்கொண்டது. மெர்சிடிஸுக்குச் சொந்த அணி இருந்தும், அதனிடம் வாங்கிய எஞ்சினோடு 2024-ல் அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது, 1998-க்குப் பிறகு முதல் முறையாக. வாங்கிய எஞ்சினால் பட்டம் வெல்ல முடியாது என்ற ரான் டென்னிஸின் எண்ணம் அதோடு பொய்த்தது. அந்த எண்ணத்தில்தான் ஹோண்டாவை அழைத்தார்கள்.

2026-ல் விதிகள் மீண்டும் மாறுகின்றன. ஹோண்டா இம்முறை ஆஸ்டன் மார்ட்டின் அணிக்கு எஞ்சின் தருகிறது, அந்த அணியின் ஓட்டுநர்களில் ஒருவர் அதே அலான்சோ. எம்ஜியு-கேயின் திறன் 350 கிலோவாட்டாக உயர்கிறது. எம்ஜியு-எச் என்ற பாகத்தையோ விதிகளிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டார்கள்.