தாய்க்கென வந்த பெட்டகம்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருப்பது வாலிகண்டபுரம். பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி வீற்றிருந்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்ற இடமளித்தவர் அவர்தாம். அப்பழம்பெருமை வரலாற்று ஏடுகளில் இருக்கட்டும். இன்று இவ்வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. வயிற்றில் பிள்ளையுடன் காட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் உண்டு. கணவர் வளைகுடா நாட்டில் இருக்க, மாமியார் வீட்டில் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கும் இளம்பெண்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் உரிய செய்தி ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு உதவ, தமிழக அரசு 1987 ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவராகி, 1927 இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது அது. சில நூறு ரூபாயாகத் தொடங்கிய உதவி 2006 இல் 6,000 ஆகவும், 2011 இல் 12,000 ஆகவும், 2018 இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாகத் தாயின் வங்கிக் கணக்கில் சேரும். மீதம் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், உலர் பேரீச்சை, ஆவின் நெய் முதலியவை அவற்றில் இருக்கும்.

பெட்டகம் வீட்டுக்கு வந்து விடுகிறது. பிறகு என்ன நடக்கிறது?

நெய் அடுக்களைக்குப் போகிறது. விருந்தாளி வந்த நாளில் நெய்ச்சோற்றில் கரைகிறது. பேரீச்சை, ரமளான் மாதமாயின் எல்லோருக்கும் பொதுவான தட்டுக்கு வந்து விடுகிறது. சத்துமாவைப் பிள்ளைகள் உருண்டை பிடித்துத் தின்று விடுகின்றனர். எவருக்காக வந்ததோ அவள் எல்லோரும் உண்ட பின்னர் மீதியுடன் அமர்கிறாள். இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இருப்பதைப் பகிர்ந்துண்பது நம் இல்லங்களின் நற்பழக்கம். ஆனால் இப்பெட்டகம் தின்பண்டமன்று. ஒருவருக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட மருந்து. மாமனாரின் சர்க்கரை நோய் மாத்திரையை நாம் பங்கிட்டுக் கொள்வதில்லையே!

கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மருத்துவ வசதிகளுக்குப் பெயர்பெற்ற நம் மாநிலத்திலேயே கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்நிலையில் உள்ளனர். இரத்தம் குன்றிய தாய்க்குப் பிரசவத்தின்போது ஏற்படும் சிறு உதிரப்போக்கும் ஆபத்தாகும். குழந்தை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பும் அதிகம். அக்குறை பிள்ளைப் பருவத்தோடு தீர்ந்து விடுவதுமில்லை. 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கொடும்பஞ்சம் நிலவியது. அப்போது கருவில் இருந்தவர்களை மருத்துவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஐம்பது வயதை எட்டியபோது அவர்களிடையே சர்க்கரை நோய்க்கான அறிகுறிகள் மிகுந்திருக்கக் கண்டனர்.

இரும்புச்சத்து மாத்திரையை நம் பெண்கள் பாதியில் நிறுத்தி விடுவதற்குக் காரணங்கள் பல. குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். மலம் கறுப்பதால் தீங்கில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். தேநீருடன் மட்டும் வேண்டாம். சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு நன்று.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவர் தடுத்த பின்னும், “ஊர் என்ன சொல்லும்” என்று நோற்பவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். பாலூட்டும் காலத்தைப் பேசும் திருமறை வசனம், அத்தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்கியிருப்பதையும் கணவன்மார் கருதிப் பார்க்க வேண்டும். அவள் உணவு யாரும் போடும் பிச்சையன்று.

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் புகட்ட வேண்டும். அதைப் பீய்ச்சி எறிந்து விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவது இன்னும் சில வீடுகளில் தொடர்கிறது. தேனும் ஒரு வயதுவரை ஆகாது. பத்தியம் என்ற பெயரில் கீரை, பழம், தண்ணீரைக்கூடத் தாய்க்கு மறுப்பது பாலை வற்றச் செய்யும் வழி. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவென்பதால், தாயைப் பட்டினி போட்டு விட்டுப் பிள்ளையைத் தேற்ற முடியாது.

இக்கருத்தின் மீதே இன்னொரு திட்டமும் எழுந்துள்ளது. முன்னர் பெரம்பலூருடன் ஒரே மாவட்டமாக இருந்த அரியலூரில், வாரணவாசி அங்கன்வாடி மையத்தில் 2024 நவம்பர் 15 அன்று ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மெலிந்திருந்தால், பெட்டகம் தரப்படுவது குழந்தைக்கன்று, தாய்க்கு.

இவற்றைப் பெற முதற்படி, நாள் தள்ளியதும் மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்வதே. அவர் தரும் பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படுகிறது. வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். ஆதாரில் ‘பேகம்’ என்றும் வங்கியில் ‘பீவி’ என்றும் இருந்தால் முன்கூட்டியே திருத்திக் கொள்க. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்பவள், அவ்வெண்ணையும் அட்டையையும் எடுத்துச் சென்று அவ்வூர் செவிலியரிடம் காட்ட வேண்டும்.

நிதியுதவி 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே. ஆகவே, மூன்றாவது பிள்ளை என்றால் கூச்சப்பட்டுப் பதிவே செய்யாமல் இருந்து விடுகிறவர்கள் உண்டு. பணம் இல்லையே தவிர, அங்கன்வாடியில் சத்துமாவும், சுகாதார நிலையத்தில் மாத்திரையும், தடுப்பூசியும், பரிசோதனையும் அவளுக்கும் உண்டு. அடுத்தடுத்த பேறுகளால் இரத்தம் வற்றிய அவளுக்குத்தான் இவை மற்றவர்களைவிட அதிகம் தேவை.