அறுவைச் சிகிச்சைக்கு முன் குழந்தையிடம் சொல்ல வேண்டியவை

அறுவைச் சிகிச்சைக்குக் குழந்தையின் உடலைத் தயார்படுத்த இரத்தப் பரிசோதனை முதல் வெறும்வயிறு வரை வகுத்த முறைகள் இருக்க, அதன் மனத்தைத் தயார்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரின் போக்கிலேயே விடப்படுகிறது. சாப்பிட மறுத்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவதாக வீட்டில் மிரட்டப்பட்டு வளர்ந்த குழந்தை, மருத்துவமனைக் கட்டிலைத் தண்டனையாகவே புரிந்துகொள்கிறது. பள்ளி செல்லத் தொடங்கும் வயதினர் தம் குறும்பால்தான் நோய் வந்தது என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. இந்த அச்சத்தோடு மயக்க மருந்து பெறும் குழந்தைகள் விழிக்கும்போது மிகுதியாகக் கதறுவதும், வீடு திரும்பியபின் தீய கனவுகளாலும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதாலும் துன்புறுவதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், செவித்திறன் குன்றிய குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு அனுப்பும் கருவி, பொருத்தப்படுகிறது. இதைப் பெறுவோர் பெரும்பாலும் 6 வயதுக்குட்பட்டவர்கள். வரப்போவதைச் சொல்லிப் புரியவைக்கக் கேட்கும் செவியே இல்லாதவர்கள். இவர்களிடம் படமும் சைகையும் பொம்மையுமே பேச வேண்டும்: பொம்மையின் தலையில் காதை மூடிக் கட்டுப் போட்டுக் காட்டலாம், மயக்க மருந்து முகமூடியைத் தாய் முதலில் தன் முகத்தில் வைத்துக் காட்டலாம். பெற்றோரும் தயாராக வேண்டும், ஏனெனில் காயம் ஆறிச் சில வாரங்கள் சென்றபின்பே கருவி இயக்கப்படுகிறது. முதல் ஒலி கேட்டதும் குழந்தை மகிழாமல் வீறிட்டு அழவும் கூடும். பேச்சுப் பயிற்சியோ நெடுங்காலம் நீள்வது.

காது கேட்கும் சிறு குழந்தைக்கு ஓரிரு நாள் முன்னதாகவும், பள்ளி வயதினருக்கு ஒரு வாரம் முன்னதாகவும் சொல்வது பொருத்தம். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யைவிட, வலிக்கும், அதற்கு மருந்து தருவார்கள், கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள் என்ற உண்மையே குழந்தையைத் தாங்கும்.

பதின்வயதினரின் அச்சம் வேறு: மயக்கத்திலிருந்து எழாமல் போய்விடுவோமோ, பாதியில் விழித்துவிடுவோமோ, உடை களையும்போது யார் இருப்பார்கள், தழும்பு தெரியுமா என்பவற்றை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் பெற்றோரே என்றாலும், 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. ஆகவே மருத்துவர் தந்தையிடம் மட்டும் பேசிவிட்டு நகர்வது முறையன்று.

ஸ்ரீரங்கம் கோயிலின் தன்வந்திரி சன்னதியில் வேண்டிக்கொள்வதும் சமயபுரத்தம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் இவ்வட்டாரக் குடும்பங்களுக்குத் துணிவு தருகின்றன. ஆனால் அந்த வேண்டுதல் குழந்தையின் காதில் விழாமல் முணுமுணுக்கப்படும்போது, தனக்கு ஏதோ பெருந்தீங்கு நேரப்போகிறது என்று அது ஊகித்துவிடுகிறது. வேண்டுதலைக் குழந்தையிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சென்று, மயக்க மருந்து மருத்துவரிடம் அதன் முன்னிலையிலேயே கேளுங்கள்.